டார்ச் வெளிச்சத்தில் பதினொரு நிமிடம்

புன்டா அரேனாஸில் காற்று
கதவைத் தட்டாது, தள்ளும்.
அதோடு சேர்ந்து உள்ளே வந்தாள் எர்சீலியா பார்ரியா,
கம்பளியில் சுற்றிய முப்பத்திரண்டு அங்குலத்தைக்
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.
"நாலு வருஷம்கூட ஆகலை, டானிட்சா.
சத்தம் வருது. படம் போச்சு."

துறைமுகத்துக்கு மேலே அவள் விடுதி.
நண்டுப் படகுக்காரர்கள், ஆட்டு ரோமம் கத்தரிப்பவர்கள்,
வாடகை பாக்கி வைக்கும் ஒரு பல் டாக்டர்.
பத்து வருஷத்தில் அவள் வாங்கிய தட்டை டிவி மூன்று.
மூன்றும் என் மேசைக்கு வந்தன.
ஒன்று கெபாசிட்டர் வயிறு உப்பி,
ஒன்று யாரோ வீசிய பூட்ஸ் பட்டு.
மூன்றாவது இதோ.

சாப்பாட்டு அறையிலோ
தொண்ணூற்றொன்றில் வாங்கிய பெட்டி
இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.
பச்சை கொஞ்சம் தூக்கல்.
செய்தி வாசிப்பவர் எல்லாருக்கும் கடல் ஒத்துக்கொள்ளாத முகம்.
அணைத்தால் நடுவில் ஒரு புள்ளி
போக மனமில்லாமல் நிற்கும்.
"அதுதான் டிவி" என்கிறாள்.
"இதெல்லாம் பிஸ்கட்."

எனக்கு அதில் சம்மதமில்லை.
பழைய பெட்டிகளின் சாவும் என் நோட்டில் இருக்கிறது.
வாங்கிய மூன்றாம் மாதமே
ஃப்ளைபேக் எரிந்து நாறியவை,
படக்குழாய் மங்கி, பட்டப்பகல் ஆட்டத்தை
அந்தியில் காட்டியவை.
குப்பைமேட்டில் அவற்றின் கண்ணாடி வயிறுகள் மீது
கடற்காகங்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.
செத்ததையெல்லாம் மறந்துவிடுகிறோம், எர்சீலியா.
மிஞ்சிய ஒன்று
மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்து ஆயுள் பேசுகிறது.

உன் அண்ணன் ரெமிஹியோவைக் கேள்.
அந்தப் பெட்டியை மாடிக்கு ஏற்றும்போது நசுங்கிய
இரண்டு கால்விரல்கள்
மழைக்கு முந்தின நாள் அவருக்குத் தகவல் சொல்லும்.

சிரித்தாள். உடனே நிறுத்தினாள்.
"சரி, இது ஏன் போச்சு?"

ப்ளக்கைச் செருகினேன்.
கறுப்பு. கறுப்புக்குள்ளிருந்து
வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்தினார்.
கடை விளக்கை அணைத்துவிட்டு
டார்ச்சைக் கண்ணாடியோடு ஒட்டிச் சாய்த்தேன்.

புல்.
ஒரு கால். சாக்ஸில் சேறு.
லைன்ஸ்மேனின் கொடி.

எல்லாம் உள்ளே நடந்துகொண்டுதான் இருந்தது,
பார்க்கத்தான் வெளிச்சமில்லை.

"படம் சாகலை. பின்னால் வரிசையா குட்டிக் குட்டி விளக்கு.
ஒன்று போனால் வரிசையே போகும்.
கடையில் கண்ணைப் பறிக்க
முழுசாய் ஏற்றி வைத்த வெளிச்சம்,
நீ குறைக்கவே இல்லை, ராத்திரி பகலாய் எரிந்தது.
பழசு வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாய் விடைபெறும்.
இது
பேச்சின் பாதியில் எழுந்து போய்விடும்."

சாந்தியாகோவிலிருந்து விளக்குப் பட்டை வர நாலு வாரம்.
விலை, புது டிவியில் பாதி.
பின்னறையில் இதே மாடல் ஒன்று கிடக்கிறது:
திரையில் பொம்மை லாரி மோதிய விரிசல்,
விளக்குகள் பழுதில்லை.
அதன் வெளிச்சத்தை எடுத்து
இதன் படத்துக்குப் பின்னால் வைக்கலாம்.
"அப்புறம் எத்தனை வருஷம் ஓடும்?"
மூன்று மாதம் எழுதித் தருவேன்.
அதற்கு மேல் எனக்கும் தெரியாது,
செய்து அனுப்பினவனுக்கும் தெரியாது.

வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.
ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.
ஆட்டம் முடியப் பதினொரு நிமிடம்.
"இந்தப் பக்கம் காட்டு. இல்லை, அந்தப் பக்கம்."
ஒரு தட்டு அளவு வெளிச்சத்தை வைத்துக்கொண்டு
மைதானம் முழுக்கப் பந்தைத் துரத்தினேன்.
மணிக்கட்டு வலித்தது.
வெளியே காற்று யாருடைய தகரத்தையோ பிய்த்துக்கொண்டிருந்தது.

எண்பத்தெட்டாவது நிமிடம்
அரங்கமே எழுந்து கத்தியது.
டார்ச்சில் அப்போது இருந்தது
விளிம்பில் நின்று
தோளைச் சொறிந்துகொண்டிருந்த
மாற்று ஆட்டக்காரன்.